தட்டுக்கு ஒரு டோக்கன்

அக்டோபர் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வாயாடி எழுதிக்கொள்வது. நானும் இவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குட்டிக்கு இருமல் விட்டதா? ஹாஸ்டல் சமையலறைப் புகையில் அவளை உட்காரவைத்துப் பாடம் எழுதவிடாதீர்கள் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். நான் சொல்லி நீங்கள் என்றைக்குக் கேட்டிருக்கிறீர்கள்.

இங்கே என் தலையில் ஒரு பாறாங்கல்லைத் தூக்கி வைத்துவிட்டார்கள். டிசம்பர் கடைசியில் கம்பெனி விருந்து வருகிறதல்லவா, அந்தப் பொறுப்பு இந்தத் தடவை என்னுடையதாம். குளிர்பதனக் கிடங்கில் பாதி அறை காலியாகக் கிடக்கிறது. சரக்கு வரத்து அவ்வளவுதான். ஹோட்டலில் விருந்து வைக்கப் பணமில்லை, நிறுத்தவும் மனசில்லை. மேனேஜர் கூப்பிட்டு, "பாக்கப் பெருசா இருக்கணும்மா, பில்லு மட்டும் சிறுசா இருக்கணும்" என்றார். "சார், நான் வாசல் கேட்டுல ரசீது எழுதறவ, மந்திரவாதி இல்ல" என்றேன். நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, போன வருஷச் செலவில் பாதிகூட வராத ஒரு தொகையைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஹாஸ்டலையே கையளவு பணத்தில் மூன்று வேளை சாப்பிடவைக்கிற ஆள் நீங்கள். வழி சொல்லுங்கள்.

இவர் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். சொல்லவில்லை, நானே எழுதுகிறேன். முன்னெல்லாம் நான் கடிதம் எழுத உட்கார்ந்தால் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். இப்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். அண்ணன் போனதிலிருந்தே மனுஷர் பாதியாகிவிட்டார். சூப்பர்வைசர் என்று பேர், ஃப்ரீசர் பக்கமே காலெடுத்து வைப்பதில்லை. குட்டியை அத்தை கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் வாயாடி


அக்டோபர் 19

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே இருவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். முழங்கால் வலி இருக்கிறது, வேலையும் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை.

விருந்து விஷயம். முதலில் ராத்திரிச் சாப்பாடு என்பதை மறந்துவிடு. மத்தியானம் நாலு மணிக்கு வை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் அளவாகத்தான் தின்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட்டால் விளக்கு அலங்காரமும் வேண்டாம். இடத்துக்கு வாடகை கொடுக்காதே. லாரி வந்து நிற்கிற மேடையைக் கழுவித் துடைத்தால் அதைவிடப் பெரிய மண்டபம் உங்கள் ஊரில் கிடையாது. தட்டும் டம்ளரும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும். இனிப்பு இரண்டு வகை வேண்டாம், ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய துண்டாகப் போடு. சின்னதாக இரண்டு வைத்தால் கஞ்சத்தனம் தெரியும். பழத்தைக் கடை மூடுகிற நேரத்தில் போய் மொத்தமாகப் பேசு. பரிசுக்குப் பணம் செலவழிக்காதே. அரை நாள் சம்பளத்தோடு லீவு என்று மேனேஜரிடம் எழுதி வாங்கி, அதையே பரிசாகக் குலுக்கிப் போடு. கண்ணாடி டம்ளரைவிட அதைத்தான் கும்பிட்டு வாங்கிக்கொள்வார்கள்.

குட்டி இந்த வாரம் ஜாமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டாள். "அப்பா மாதிரியே வந்து பொறந்திருக்கே" என்று கத்திவிட்டேன். அழவில்லை. பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளை எழுப்பிச் சாப்பிட வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

உன் வீட்டுக்காரரை நன்றாகச் சாப்பிடச் சொல்.

அண்ணி


நவம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவீர்கள் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் யோசனையை வைத்துக்கொண்டு கம்பெனியில் நான் பெரிய புத்திசாலி ஆகிவிட்டேன். அரை நாள் லீவுப் பரிசு என்றதும் லோடுமேன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறை. மேனேஜர், "இதுல கம்பெனிக்குச் செலவே இல்லியே" என்றார். அரை நாள் கழித்துப் புரிந்துகொள்வார்.

ஒரு விஷயம்தான் இடிக்கிறது. போன வருஷ விருந்தில் ஒருத்தரே இரண்டு தடவை, மூன்று தடவை வரிசையில் நின்று வாங்கினார்கள். கடைசியில் வந்தவர்களுக்குக் குழம்பு மட்டும்தான். என் அண்ணன் கடைசியில் போய் நின்று, காலித் தட்டோடு திரும்பி வந்து, "நான் சாப்ட்டேனா இல்லியா, எனக்கே ஞாபகமில்ல" என்று சிரித்தானே. அதேபோல ஆகக்கூடாது. சாப்பாட்டுச் சீட்டு அச்சடிக்கலாம் என்றால் அச்சகக்காரர் கேட்கிற பணத்துக்கு இன்னும் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடலாம். கையால் எழுதினால் நம் ஆட்கள் என்னைவிட அழகாக எழுதிக் கொண்டுவந்துவிடுவார்கள். என்ன செய்யட்டும்?

ஃப்ரீசருக்குள் இருக்கிற அபாய மணியைச் சரிசெய்துவிட்டார்கள். அண்ணன் உள்ளே அகப்பட்டுப் போய்ச்சேர்ந்தபிறகு சரிசெய்து என்ன. அதுவும் ஈரம் ஏறினால் தானாக அடிக்கிறது. உள்ளே யாரும் கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் யாராவது ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். எலக்ட்ரீஷியன், "ஒயருதாம்மா" என்கிறார். அவரும் ஓடுகிறார்.

உங்கள் வாயாடி


நவம்பர் 15

அன்புள்ள வாயாடிக்கு,

சுகம். குட்டியின் இருமல் நின்றுவிட்டது.

உன் சீட்டுப் பிரச்சினைக்கு எனக்கு அன்றைக்கே ஒரு வழி தோன்றியது. எழுதக் கை கூசியதால் நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஃப்ரீசருக்குள் போகும்போது வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போகிறீர்களே, நம்பர் போட்ட பித்தளை டோக்கன். ஆபீஸ்காரர்களுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒன்றுதான் இருக்கிறது. யாரும் போலி செய்ய முடியாது. வரிசையில் வரும்போது அதைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சாப்பாடு வாங்கட்டும். இன்னொரு தடவை வர அவனிடம் இன்னொன்று இருக்காது. மறுநாள் வேலைக்கு வரும்போது பலகையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பைசா செலவில்லை.

அந்த டோக்கனைப் பற்றி எழுதும்போது எனக்கு எரிகிறது. உள்ளே போகும்போது மாட்டு, வெளியே வரும்போது எடு, பலகை காலியாக இருந்தால்தான் கதவைப் பூட்டுவார்கள். இவ்வளவுதான் விதி. பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும். உன் அண்ணனின் சட்டைப்பையிலும் டோக்கன் இல்லை, பலகையிலும் இல்லை. எங்கேயோ தொலைத்துவிட்டு, டோக்கன் இல்லாமலே உள்ளே போயிருக்கிறார், அவருடைய கவனக்குறைவு என்று கம்பெனி எழுதி முடித்தது. பலகை காலியாக இருந்தது என்று உன் வீட்டுக்காரரும் சொன்னார். நான் எதை மறுத்துப் பேச முடியும்? குடையை பஸ்ஸில் விட்டவர். சாப்பாட்டுப் பாத்திரத்தை வாரத்துக்கு ஒன்று தொலைத்தவர். முடிவெட்டப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தவர். அன்றைக்கு ராத்திரி வராதபோதும் நான் தேடவில்லை. லாரியோடு போயிருப்பார், வழக்கம்போலச் சொல்ல மறந்திருப்பார் என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

ஒரு டோக்கனை மாட்ட மறந்து என்னையும் அவளையும் இப்படி விட்டுவிட்டுப் போனாரே என்று தினமும் திட்டுகிறேன். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். திட்டாவிட்டால் எனக்கு வேலை ஓடாது.

அண்ணி


நவம்பர் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கும் அவன்மேல் கோபம் வரும். அவன் முகம் ஞாபகம் வந்ததும் போய்விடும். உங்களுக்கு அப்படிப் போக வழியில்லை, தெரியும்.

டோக்கன் யோசனையை மேனேஜரிடம் சொன்னேன். "பிரமாதம்! யாரு ஐடியா?" என்றார். "எங்க அண்ணி" என்றேன். பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

வீட்டில்தான் வேடிக்கை. சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்துவிட்டார். "டோக்கன் கீக்கன்லாம் வேணாம். சீட்டு அடிச்சிரு. காசு நான் தர்றேன்." கல்யாணமான நாளிலிருந்து 'காசு நான் தர்றேன்' என்று இவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "என்ன, லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டேன். கத்தினார் அண்ணி. என்னிடம் இப்படிக் கத்தியதே கிடையாது. பிறகு வாசலில் போய் நின்றுகொண்டார். அந்த டோக்கனைப் பார்த்தாலே அண்ணன் ஞாபகம் வருகிறதாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு பேரும் மச்சான் மாப்பிள்ளை மாதிரியா இருந்தார்கள்? ஒரே பீடியை இரண்டாக்கிக் குடித்தவர்கள்.

ஆனாலும் முடிவு முடிவுதான். நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. தட்டு கொண்டுவா, டோக்கன் கொண்டுவா, வாயையும் வயிற்றையும் கொண்டுவா என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள் வாயாடி


டிசம்பர் 12

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பரீட்சை நேரம், பிள்ளைகள் தூங்காமல் டீ கேட்டு உயிரை எடுக்கிறார்கள்.

சாதத்தை முன்கூட்டியே வடித்து வைக்காதே. பரிமாறுகிற இடத்தில் பெரிய கரண்டி போடாதே, கை தானாக அள்ளும். டீயை மட்டும் தாராளமாக விடு. டீ நிறையக் கிடைத்தால் விருந்து நன்றாக இருந்தது என்றே சொல்லிக்கொண்டு போவார்கள்.

அறைச் சாவியை உள்ளே வந்ததும் ஆணியில் மாட்ட வேண்டும் என்று குட்டிக்குச் சட்டம் போட்டிருக்கிறேன். மாட்டாவிட்டால் அன்றைக்குச் சோறு கிடையாது. நேற்று மாட்டிவிட்டு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா, அப்பா மாட்டியிருந்தா வந்திருப்பாரா?" என்றாள். வந்திருப்பார் என்றேன். வேறென்ன சொல்ல.

உன் வீட்டுக்காரர் கத்தியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. விருந்து எப்படி நடந்தது என்று ஒன்றுவிடாமல் எழுது. அதைப் படிப்பதுதான் எனக்கு விருந்து.

அண்ணி


ஜனவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

விருந்து நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பாடு மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. மேனேஜருக்கு மகிழ்ச்சி. பணமும் கொஞ்சம் மிச்சம். தங்கள் யோசனைகளுக்கு நன்றி.

இங்கே குளிர் அதிகமாக இருக்கிறது. குட்டியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்


ஜனவரி 14

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதினாயா? எனக்கு நன்றி சொல்கிற அளவுக்கு நீ எப்போது பெரிய மனுஷி ஆனாய்?

வாயாடிக்கு வாய் எங்கே போனது? யார் பாடினார்கள், யார் சண்டை போட்டார்கள், லீவுப் பரிசு யாருக்கு விழுந்தது, ஒன்றையும் காணோம். டோக்கன் விஷயம் சரியாக வந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாகக் கடைசியில் 'இவர் விசாரித்தார்' என்று ஒரு பொய்யாவது எழுதுவாய். அதுவும் இல்லை. அவருக்கு உடம்புக்கு ஏதாவதா? இல்லை, நான் ஏதாவது எழுதி உன் மனது புண்பட்டதா? உன் அண்ணனைத் திட்டி எழுதியது கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. அவர் உனக்கு அண்ணன். எனக்குத் திட்ட உரிமை இருக்கிறதென்று உன்னிடமே வந்து திட்டியிருக்க வேண்டாம்.

உடனே பதில் போடு.

அண்ணி


ஜனவரி 29

அன்புள்ள வாயாடிக்கு,

இன்றும் தபால்காரர் ஒன்றும் கொடுக்காமல் போய்விட்டார். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அடுத்த மாதம் அவர் போய் ஒரு வருஷமாகிறது. அதனாலோ என்னவோ, குட்டி சரியாக இல்லை. படுக்கப் போகுமுன் சாவியைத் தொட்டுப் பார்க்கிறாள். படுத்தபிறகு எழுந்து வந்து இன்னொரு தடவை தொடுகிறாள். வகுப்பில் யாராவது வெளியே போனால், "டீச்சர், அவ வெளிய போயிருக்கா, மறந்துறாதீங்க" என்று எழுந்து நின்று சொல்கிறாளாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நான் போட்ட சட்டம்தான் இந்த அளவுக்கு வந்து நிற்கிறது.

நேற்று தலை வாரிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டாள். "அப்பா ஏம்மா நம்மள நெனச்சு மாட்டல?"

பின்னிய பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். அவருடைய தங்கை நீ. அவரை எனக்கு முன்னாலிருந்தே அறிந்தவள். உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. குழந்தைக்குச் சொல்ல வேண்டும்.

அண்ணி


பிப்ரவரி 8

அண்ணிக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் உடம்புக்கு நலம்தான். ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நின்று படிக்காதீர்கள், உட்கார்ந்துகொள்ளுங்கள். குட்டி பக்கத்தில் இருந்தால் வெளியே அனுப்பிவிட்டுப் படியுங்கள்.

விருந்தன்று எல்லாம் நீங்கள் சொன்னபடியே நடந்தது. மேடையைக் கழுவி, டிரைவருடைய ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டுப் போட்டோம். வரிசையின் தலைமாட்டில் ஒரு தகரப் பெட்டி. ஒவ்வொருவராக டோக்கனைப் போட்டுவிட்டுத் தட்டை நீட்டினார்கள். இவர் சாப்பிடவே மாட்டேன் என்று ஒதுங்கி நின்றார். லோடுமேன்கள் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினார்கள். இவர் பெட்டிக்கு முன்னால் வந்து பைக்குள் கையை விட்ட நேரத்தில் ஃப்ரீசர் மணி அடித்தது.

பாட்டை நிறுத்திவிட்டார்கள். தட்டோடு நின்றவர்கள் அப்படியே நின்றோம். எல்லோருடைய டோக்கனும் பெட்டிக்குள் கிடக்கிறது, பலகை காலி. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது. இவர் கையிலிருந்ததைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினார். பத்து மாசமாக அந்தக் கதவுப் பக்கம் போகாதவர் ஓடிப்போய்த் திறந்தார். உள்ளே யாரும் இல்லை. வெறும் புகை மாதிரிக் குளிர்தான் வெளியே வந்தது. எலக்ட்ரீஷியன் "ஒயரு, ஒயரு" என்று சொல்ல, மறுபடியும் பாட்டுப் போட்டார்கள். இவர் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

எல்லோரும் போனபிறகு, மறுநாள் எடுத்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று டோக்கன்களைப் பலகையில் நம்பர் பார்த்து மாட்டிக்கொண்டு வந்தேன். கடைசியில் என் கையில் ஒன்று மிஞ்சியது. மாட்ட ஆணி இல்லை. அந்த நம்பருக்கு ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். முப்பத்தொன்று, அண்ணி. அண்ணனுடைய நம்பர்.

அண்ணன் வந்து வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று ஒரு நிமிஷம் சத்தியமாக நம்பினேன். போன வருஷம் காலித் தட்டோடு திரும்பினானே, இந்த வருஷமாவது கிடைத்ததே என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் பலகையைப் பார்த்தேன். ஒரு ஆணி காலியாக இருந்தது. நம்பர் நாலு. இவருடையது.

அந்த டோக்கனை என் பர்ஸில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். இவர் அன்றிலிருந்து தேடினார். எல்லாச் சட்டைப்பையையும் வெளியே இழுத்துப் பார்த்தார், துணிப்பெட்டியைக் கவிழ்த்தார், கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். "என்ன தேடறீங்க?" என்று நான் கேட்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். என் பர்ஸ் எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஜனவரி முழுக்க இந்த வீட்டில் நாங்கள் இப்படித்தான் குடித்தனம் நடத்தினோம். உங்களுக்கு அந்த நலம் விசாரிப்புக் கடிதத்தை எழுதியது இந்த நாட்களில்தான். என்னை மன்னியுங்கள் என்று இப்போது கேட்கமாட்டேன்.

உங்கள் கடைசிக் கடிதம் வந்த அன்று இவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். குட்டி கேட்டதை மட்டும் சத்தமாகப் படித்தேன். 'அப்பா ஏம்மா நம்மள நெனச்சு மாட்டல?' ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் டோக்கனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"மாட்டியிருந்தாரு" என்றார். "மச்சான் மாட்டித்தான் இருந்தாரு."

அன்றைக்கு இவர் கடைசி லாரியை அனுப்பிவிட்டு ஃப்ரீசர் கதவைப் பூட்ட வந்திருக்கிறார். பலகையில் முப்பத்தொன்று மட்டும் தொங்கியிருக்கிறது. இவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வழக்கம்போல எடுத்துக்க மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன். காலைல டோக்கன் பலகைல கெடந்தா ஃபைன் போடுவாங்களே, நாமளே எடுத்து வச்சு குடுத்துருவோம்னு பாக்கெட்ல போட்டேன். பலகை காலி. கதவ மூடிட்டேன்."

"ஒரு குரல் குடுத்துப் பாத்திருக்கலாமே" என்றேன்.

"மறந்துட்டாருன்னுதானே நெனச்சேன். அவரு மறக்கறவருதானே" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். காலையில் கதவைத் திறந்தபோது டோக்கன் இவர் பையில்தான் இருந்திருக்கிறது. எல்லோரும் டோக்கன் எங்கே, டோக்கன் எங்கே என்று தேட, வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்காதது அப்புறம் திறக்கவே இல்லை. தூக்கி எறியவும் முடியவில்லையாம். விருந்து வரைக்கும் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். விருந்தில் கை தவறியா போட்டீர்கள் என்று கேட்டேன். "தெரியல. மணி அடிச்சுது. கைல வந்தத போட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்லப்போகிறார். கூட நானும் போவேன். அவர் வாய் அடைத்துப்போனால் நான் சொல்லுவேன். அதற்கப்புறம் வேலை போகுமோ, போலீஸ் வருமோ, எது வந்தாலும் வரட்டும். ஆனால் கம்பெனிக்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் அண்ணன் மறக்கவில்லை, அண்ணி. குட்டியிடம் சொல்லுங்கள்.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். நான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலமே குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். "உங்கப்பா டோக்கன மாட்டித்தான் உள்ள போனாரு. அம்மாதான் தப்பாச் சொல்லிட்டேன்." "அப்ப நம்மள நெனச்சிருக்காரு" என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்குச் சாவியைத் தொடாமல் தூங்கினாள். நான்தான் தூங்கவில்லை. ஒரு வருஷமாகத் திட்டித் திட்டியே எழுந்து நடமாடியிருக்கிறேன். இப்போது திட்ட ஒன்றும் இல்லை. அவர் நேற்றுத்தான் செத்துப்போன மாதிரி இருக்கிறது. அடுப்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டு ஹாஸ்டல் பிள்ளைகளே அன்றைக்குச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

உன் வீட்டுக்காரரைப் பற்றி எழுதுகிறேன். பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். மறந்திருப்பார் என்று அவர் நினைத்தார். அன்றைக்கு ராத்திரி நானும் அதையேதான் நினைத்தேன். அவர் கதவை மூடினார், நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். அதற்கு அவர்மேல் கல்லெறிய எனக்குக் கை வரவில்லை. ஆனால் மறுநாள் நான் எதையும் பையில் ஒளித்துக்கொள்ளவில்லை. என் குழந்தையைப் பெஞ்சுக்கு அடியில் போய் உட்காரவைத்தது அந்த ஒரு வருஷம். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஜனவரியை மட்டும் கொஞ்ச நாள் என்னால் மறக்க முடியாது.

திங்கட்கிழமை போனீர்களா, என்ன ஆயிற்று என்று எழுதாதே. நேரில் வந்து சொல். காரணம் இருக்கிறது.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் குட்டி என்னிடம் கேட்டாள். "அப்பா மாட்டியிருந்தாருன்னா, அப்ப கதவ யாரும்மா மூடுனது?"

சொல்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மாமா அவர். அந்தப் பதிலை நான் சொல்லி அவள் கேட்கக்கூடாது. மாமாவைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு எதிரே உட்கார்ந்து அவரே சொல்லட்டும்.

அண்ணி